மௌசுனித் தீவில் அடைக்கோழி தேடிய கதை

முதல் ராத்திரியிலேயே 63 குஞ்சுகள் போய்விட்டன. விடிந்ததும் சாக்கை விலக்கிப் பார்த்தால் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே கிடந்தவை உயிரோடு, அடியில் கிடந்தவை தட்டையாக. நான் நாமக்கல்காரன், தீவனக் கிடங்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். கோழியைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற தெம்பில்தான் 200 குஞ்சுகளோடு அந்தத் தீவுக்குப் போனேன். வழியில் செத்த நாலு, ராத்திரியில் 63, அடுத்த பத்து நாளில் இன்னும் 71. மிஞ்சியது 62.

எங்கே, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவில் பாலசோர் பக்கம் கரையேறியது. மேற்கு வங்கத்தின் சுந்தரவனத் தீவுகளை அன்று காற்றைவிடத் தண்ணீர்தான் அடித்தது. அன்று பௌர்ணமி, முழுச் சந்திர கிரகணம் வேறு. பௌர்ணமி ஓதத்தின் மேல் புயல் தள்ளிய கடலும் ஏறிக்கொள்ள, மண்கரைகள் பல இடங்களில் தாங்கவில்லை. மௌசுனி, சாகர் தீவுக்குக் கிழக்கே இருக்கும் சின்னத் தீவு. மேற்கே முரிகங்கா, கிழக்கே சினாய் ஆறு, தெற்கே கடல். பாலியாரா, குசும்தலா, பாக்டங்கா, மௌசுனி என்று நாலு ஊர்ப்பிரிவு. அதில் தெற்கு ஓரத்து பாலியாராவில்தான் நாங்கள் வேலை செய்தோம். வயலிலும் குளத்திலும் வீட்டுக்குள்ளும் உப்புத்தண்ணீர். 'நோனா ஜல்' என்று அவர்கள் சொல்லும்போது ஏதோ ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

ஆகஸ்டில் குடிநீர் வடிகட்டி கொடுக்கப் போன நண்பர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தபோது அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊரே அவரை மாசி என்றது. நமக்குச் சின்னம்மா மாதிரி. நானும் மாசி என்றேன்.

"அரிசி வருகிறது, தார்ப்பாய் வருகிறது. கையில் பத்து ரூபாய் வரவில்லையே பாபா" என்றார். நாம் பிள்ளைகளை 'சாமி' என்பதுபோல் அவர்களுக்கு 'பாபா'. "முன்பு முட்டை விற்ற காசில் சோப்பு வாங்குவோம், பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்குவோம். யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. கோழி கொண்டுவர முடியுமா?"

முடியும் என்றேன். உடனே, யோசிக்காமல்.

செப்டம்பரில் கரைப்பக்கத்து ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் வனராஜா குஞ்சு 200 வாங்கினோம். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகத்தில் உருவாக்கிய இனம் அது. புறக்கடையில் விட்டாலும் வருஷத்துக்கு நூறு முட்டைக்கு மேல் போடும் என்று படித்திருந்தேன். ரயிலில் நாம்கானா, அங்கிருந்து வண்டி, பிறகு படகு, பிறகு மோட்டார் வைத்த தட்டுவண்டி. மாசியின் வீட்டுப் பின்கட்டில் தகரத்தால் நாலு பக்கமும் அடைத்து, நடுவில் குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் பல்புகளைத் தொங்கவிட்டோம். நாமக்கல்லில் பல்பை அந்தக் கணக்கில்தான் கட்டுவோம். ராத்திரி பதினொன்றுக்கு மழை, பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. நான் தூங்கிப்போனேன்.

குளிர்ந்த குஞ்சு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். சதுர அடைப்பில் நாலு மூலை இருந்தால் நாலு சாவுக்குழி. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஊரில் எப்போதும் வட்டமாகத்தான் அடைப்போம். அங்கே கிடைத்த தகரம் நேர்த்தகடு, வளைக்கச் சோம்பல். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

அடுத்த 71 சாவு எனக்குப் பிடிபட நாலு நாள் ஆனது. குஞ்சுகள் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தன, எச்சம் தண்ணீராகப் போனது, வயிறு உப்பியது. வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோயோ என்று பயந்து, செத்ததில் மூன்றை எடுத்துக்கொண்டு அக்கரையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். வயிற்றுக்குள் தெளிந்த நீர். "என்ன தண்ணீர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து கேட்டேன். குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் பையன் பக்கத்துக் குளத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ஆழ்குழாய்க் கிணறு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அங்கே மனுஷருக்கே வரிசை. குளத்தில் மழைத்தண்ணீர் மேலாக நின்றதால் அவன் வாயில் வைத்துப் பார்த்தபோது லேசான கரிப்புதான் இருந்ததாம். உப்பளவு பார்க்கும் கைக்கருவியை முக்கினால் லிட்டருக்கு 7,400 மில்லிகிராம் காட்டியது. கோழிக்கு 3,000-க்கு மேல் போகக்கூடாது, குஞ்சுக்கு அதுவே அதிகம். அதன் சிறுநீரகம் அவ்வளவு உப்பை வெளியேற்றும் அளவுக்கு முற்றியிருக்காது. வாத்துக்குக் கண்ணுக்கு மேலே உப்பைக் கக்கும் சுரப்பி ஒன்று உண்டு, கோழிக்கு அந்த வசதி இல்லை. ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வரும் அந்தக் குழாய்த்தண்ணீர் 900-க்குள் இருந்தது.

அந்தக் கருவியின் விலை ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. மனுஷருக்கு வடிகட்டி கொடுக்கப் போனபோதே என் பையில்தான் இருந்தது.

அன்று ராத்திரி அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்குப் போன் போட்டேன். எண்பத்து நாலு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்குத் தாயாட்ட நீ இருந்திருக்கோணும். நீ போய்ப் படுத்துத் தூங்கீட்டயா?" என்றது. கொஞ்சம் விட்டு, "அங்க அடைக்கோழி ஒண்ணுகூட இல்லியா?" என்றும் கேட்டது. அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பத்து மாசம் மிச்சமாகியிருக்கும்.

நவம்பரில் இரண்டாம் தவணை, 150 குஞ்சு. இந்த முறை மின்சாரத்தை நம்பவில்லை. மூங்கில் பாயை நாலடி விட்டத்தில் வட்டமாக நிறுத்தி, ஒரு வட்டத்துக்கு 30 குஞ்சு என்று ஐந்து வட்டம் போட்டோம். நடுவில் மண்பானையைப் பாதி வரை மண்ணில் புதைத்து உள்ளே கரி நெருப்பு. முதல் நாள் கரிக்குப் பதில் உமியைப் போட்டுவிட்டு, புகையில் நாங்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். உமி வேலைக்கு ஆகாது. கரியும் நன்றாகக் கனிந்து புகை நின்ற பிறகுதான் உள்ளே போக வேண்டும், மேல்பக்கம் காற்று போக வழி இருக்க வேண்டும். குஞ்சு பானையை ஒட்டி நெருக்கினால் குளிர், இறக்கையை விரித்து ஓரத்துக்குப் போனால் சூடு. வட்டம் முழுக்கப் பரவிப் படுத்தால் சரி.

பத்து நாளைக்குப் பிறகு பானையையும் விட்டோம். இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டி. உள்சுவரைச் சுற்றி வைக்கோலை நெருக்கித் திணித்து, நடுவில் குஞ்சு படுக்க வட்டமாக இடம். மேலே பழைய சாக்கைத் தொய்வாகத் தொங்கவிட்டால், படுத்திருக்கும் குஞ்சுகளின் முதுகை அது லேசாகத் தொடும், தாயின் இறக்கை மாதிரி. குஞ்சுகளின் சொந்தச் சூடே உள்ளே நிற்கும். சாயங்காலம் உள்ளே தள்ளி, காலையில் திறப்பது. செலவே இல்லை. இந்தத் தவணையில் ஐந்து வாரத்தில் செத்தவை 13.

ஒரு நாள் குஞ்சை வீடு வீடாகக் கொடுக்கும் யோசனையையும் விட்டோம். மாசி வீட்டிலேயே ஐந்து வாரம் வளர்த்து, தடுப்பூசி போட்டு, அதன்பிறகு கொடுப்பது. வளர்த்த கூலியாக மாசிக்குக் குஞ்சுக்கு ஆறு ரூபாய். "இது என்ன, நான் என்ன ஆயாவா?" என்று முதலில் முறைத்தார். பிறகு, கணக்கில் இரண்டு குஞ்சு தவறிவிட்டது என்று சண்டைக்கு வந்தவரும் அவர்தான்.

ஒரு வீட்டுக்கு ஒன்பது என்று 15 வீடுகளுக்கு 2022 ஜனவரியில் கொடுத்தோம். அதற்கு முன் கூண்டு. இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று முறை பிரித்துக் கட்டினோம்.

முதல் கூண்டு நாலடி நீளம், மூன்றடி அகலம், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் மூங்கில் கால்கள். கடைசி வெள்ளம் அந்தத் தெருவில் எவ்வளவு ஏறியது என்று சுவரில் கறை இருக்கிறதே, அதற்கு மேல் ஒரு சாண். தளம் மூங்கில் பட்டை, எச்சம் கீழே விழ இடைவெளி விட்டு. அந்த இடைவெளியை ஒரு அங்குலம் விட்டேன். இரண்டு குஞ்சுக்குக் கால் மாட்டி ஒடிந்தது. அரை அங்குலமாகக் குறைத்தோம். எலியும் கீரியும் மூங்கில் காலில் சர்ரென்று ஏறின. காலைச் சுற்றி எண்ணெய் டின்னை வெட்டித் தகடு அடித்ததும் நின்றன. ஆனால் உப்பு ஊறிய சேற்றில் மூங்கில் ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. அடுத்த முறை நாலங்குலப் பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, உள்ளே ஒரு கம்பியும் சிமெண்ட் கலவையும் கொட்டிக் கால்களாக்கினோம். பிளாஸ்டிக் வழுவழு என்பதால் தகடும் தேவைப்படவில்லை. கூரையை எல்லாப் பக்கமும் சரிவாகத் தாழ்த்தி, நிவாரணத் தார்ப்பாயின் மேல் வைக்கோல் வேய்ந்து, கயிற்றை மரத்தில் கட்டினோம்.

மூன்றாவது மாற்றம்தான் பிறகு உதவியது, அதையும் நான் யோசிக்கவில்லை. ஊர்த் தச்சர் ஒருவர், "கூண்டு நகராது, தண்ணீர் நகரும். உள்ளே இருப்பதையாவது நகர்த்துகிற மாதிரி செய்யுங்கள்" என்றார். இரவு கோழி அடையும் உள்பகுதியைத் தனி மூங்கில் பெட்டியாகச் செய்து, இழுப்பறை மாதிரி வெளியே உருவிக்கொள்ளும்படி வைத்தோம். இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், இரண்டு பக்கம் கயிற்றுப் பிடி. பத்துக் கோழியோடு இரண்டு பேர் தூக்கலாம்.

கொடுத்த ஒரு மாசத்தில் 135-இல் 39 போயின. கீரியும் எலியும் 17, பருந்தும் காக்காயும் 9, நாய் 6, காரணம் தெரியாதது 7. எங்கள் நோட்டில் செத்தது, விற்றது, தின்றது என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன். ஒரு வீட்டில் நன்றாக வளர்ந்த சேவல் ஒன்றைக் காணோம். கேட்டால், மருமகன் பாதர்பிரதிமா பக்கம் தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர், அவர் பத்திரமாகத் திரும்ப போன்பீபிக்கு நேர்ந்து கொடுத்தனுப்பினார்களாம். போன்பீபி காட்டின் அம்மன். அங்கே இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே கும்பிடுகிறார்கள். அவளுக்கு நேர்ந்த சேவலை அறுப்பதில்லை, உயிரோடு காட்டில் விடுவதுதான் வழக்கம். நான்காவதாக ஒரு கட்டம் போட்டேன்.

மேய்ச்சல் கோழி, மேய்ச்சல் கோழி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, மேய என்ன இருந்தது? உப்பு ஏறிய மண்ணில் புல் கருகிவிட்டது. கொத்திப் பார்த்தால் மண்புழு இல்லை. எங்கள் ஊரில் கோழிக்குஞ்சுக்குப் பழைய பானையில் சாணியும் சாக்கும் போட்டு ஈரமாக்கிக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் மொய்த்திருக்கும். அங்கே நாலு இடத்தில் கவிழ்த்து வைத்தேன், ஒரு கரையான் வரவில்லை. கோழிகள் நாள் முழுக்க நடந்து, கால் வலித்து, பசியோடு திரும்பி வந்தன. முதல் வருஷம் அவை மேய்ச்சல் கோழிகள் இல்லை, நடைக்கோழிகள். தீவனம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. 'குத்' என்று அவர்கள் சொல்லும் குருணை, தவிடு, கரைப்பக்கத்து மீன்காய்ச்சும் களத்திலிருந்து உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காய்ந்த மீன்கழிவு, முருங்கைக்கீரை. சுண்ணாம்புச்சத்துக்குப் பஞ்சமில்லை, கரையெல்லாம் சிப்பி. நத்தையை நசுக்கிப் போட்டால் சண்டையே நடக்கும். 'கேரி குக்லி' என்று பெண்கள் நத்தை பொறுக்கப் போனபோது கோழிகள் பின்னாலேயே போனது கண்கொள்ளாக் காட்சி. 2022 மழைக்காலம் நன்றாக அடித்து உப்பைக் கழுவிய பிறகுதான் வரப்போரம் பச்சை தலைகாட்டியது. ஆகஸ்டில் மாசி உள்ளங்கையில் ஒரு மண்புழுவை வைத்துக்கொண்டு வந்து காட்டினார்.

தடுப்பூசி தனிக்கூத்து. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் இன்னொரு முறை, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. மருந்துக் குப்பி ஐஸை விட்டு இறங்கக்கூடாது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஜனவரியில் எட்டாவது வாரத்து மருந்தோடு நாம்கானாவில் இறங்கினால் கங்காசாகர் மேளாக் கூட்டம். சங்கராந்திக்குச் சாகர் தீவில் முழுக அந்த வழியாகவும் ஜனம் போகிறது. ஐஸ்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். ஒரு சாது, "பிரசாதமா?" என்று கேட்டார். தீவுக்குப் போனபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது, மருந்தைக் கொட்டிவிட்டோம். பிறகு ஊருக்கு வந்தபோது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக்கோழிக்கென்றே வெள்ளைக்கழிச்சலுக்குக் குருணை வடிவில் தடுப்புமருந்து செய்திருப்பது தெரிந்தது. ஊசி வேண்டாம், தீவனம் மாதிரி தின்னக் கொடுக்கலாம். நாமக்கல்லில் இருந்துகொண்டே இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. பண்ணைக்காரனுக்கு நாட்டுக்கோழி மருந்து எதற்கு என்ற நினைப்புதான்.

ஜூனில் வெடக்கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. பாலியாராக் கடற்கரையில் சுற்றுலாக் கூடாரங்கள் மறுபடி முளைத்திருந்தன. அங்கே முட்டை பன்னிரண்டு ரூபாய்க்குப் போயிற்று. மாசி சோப்பு வாங்கினார், நோட்டு வாங்கினார். இத்தோடு இதை முடித்திருந்தால் நல்ல வெற்றிக்கதை ஆகியிருக்கும்.

ஜூலையில் ஒரு பெண் கேட்டார்: "தாதா, இது எப்போது அடைக்கு உட்காரும்?" அவர்களுக்கு 'தாதா' என்றால் அண்ணன்.

உட்காராது. வனராஜா மாதிரி முட்டைக்கென்று தேர்ந்தெடுத்து உருவாக்கிய கோழிகளில் அடை குணம் அநேகமாகப் போய்விட்டிருக்கும். அடை உட்கார்ந்தால் முட்டை நிற்குமே. நூறு முட்டை வேண்டுமென்றால் தாய்மையைக் கழிக்க வேண்டும், அதுதான் கணக்கு. எனக்கு இது தெரிந்த விஷயம். ஆனால் பண்ணையில் அது ஒரு பிரச்சினையே இல்லை, குஞ்சு லாரியில் வந்துவிடும். இங்கே ஒவ்வொரு கோழி செத்தபோதும் அதன் இடம் காலியாகவே நின்றது. நாங்கள் கொண்டுபோனது கோழி இல்லை, ஒன்றரை வருஷத்து முட்டை மட்டும். அடுத்த தவணைக் குஞ்சுக்கு அவர்கள் மறுபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாயி பத்து மாசம் முன்பு கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது.

நாட்டுக்கோழி எத்தனை இருக்கிறது என்று வீடு வீடாக எண்ணினோம். எங்கள் பக்கம் முழுக்க 23 பெட்டை. வெள்ளத்தில் இவை மட்டும் எப்படித் தப்பின? ஒரு கிழவர் கருவேல மரத்தைக் கைகாட்டினார். நாட்டுக்கோழிக்கு எடை கம்மி, பறந்து மரத்தில் ஏறி அடையும் பழக்கம் உண்டு. தண்ணீர் வந்த அன்று மரத்தின் மேல் இருந்தவையெல்லாம் பிழைத்தன. என் வனராஜாக்களோ திண்ணையில் ஏறவே ஓடிவந்து குதிக்க வேண்டும்.

யோசனை இதுதான்: பெரிய கோழியின் முட்டை, நாட்டுக்கோழியின் வயிற்றுச்சூடு. புதிதாக ஒன்றும் இல்லை, நம் ஊரில் வான்கோழி முட்டையைக்கூட இப்படி வைப்பார்கள். 23-இல் அப்போது மூன்றுதான் அடைக்குக் கேறிக்கொண்டிருந்தன. மாசியின் கொழுந்தன் வீட்டுப் பழுப்புக் கோழிக்கு 12 முட்டை வைத்தோம். ஒரு வாரத்துக்கு மேல் வயதான முட்டையை ஒதுக்கினோம். கூடையில் மணல், மேலே வைக்கோல், செள்ளுக்கு வேப்பிலை. அம்மாயி சொன்னபடி ஓர் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் இரண்டு மிளகாய் வற்றலும் கூடையில் வைத்தேன். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க. சிரிப்பார்களோ என்று தயங்கினேன். மாசி நான் வைத்த ஆணியை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய அரிவாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆணி போதாதாம்.

ஏழாம் நாள் ராத்திரி கைப்பேசி வெளிச்சத்தில் முட்டையைக் காட்டிப் பார்த்தோம். எட்டில் சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம். நாலு கூமுட்டை. சேவல் போதவில்லை. ஆசைப்பட்டுச் சேவல்களைக் கூடாரக்காரர்களுக்கு விற்றிருந்தார்கள். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவலை விற்கக்கூடாது என்று ஊரில் பேசி முடிவு செய்தோம். இருபத்தோராம் நாள் ஏழு பொரித்தது.

பழுப்புக் கோழி அந்த ஏழையும் எந்தப் பல்பும் பானையும் இல்லாமல் வளர்த்தது. பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல், ஏழும் இறக்கைக்குள். கீரியை நேருக்கு நேர் துரத்தியது. ஏழில் ஆறு தேறியது. என் 200-க்கு 62 நினைவுக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பங்கு எப்படி? இதற்கு அவர்களிடமே வழி இருந்தது. ஆடு, மாடு, கோழியை 'ஆதி'க்கு விடுவது, நம் ஊர் வாரம் மாதிரி பாதிக்குப் பாதி. முட்டைக்காரருக்குப் பாதி, அடைக்கோழிக்காரருக்குப் பாதி. குஞ்சு தாயைப் பிரிந்ததும் பிரித்துக்கொள்வது. ஒற்றைப்படையானால் அடைக்கோழிக்காரருக்கு. அந்தக் குளிர்காலத்தில் 19 முறை அடை வைத்து, 214 முட்டையில் 149 குஞ்சு பொரித்தது. திடீரென்று நாட்டுக்கோழிக்கு மதிப்பு ஏறிவிட்டது. அதுவரை "சின்ன முட்டை" என்று ஒதுக்கியவர்கள் அடைக்கோழியை ஒரு மாசத்துக்கு முன்பே சொல்லிவைத்தார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. வனராஜாச் சேவல் எல்லா நாட்டுப்பெட்டையோடும் சேர்ந்தால், இரண்டு மூன்று தலைமுறையில் அடை குணமே நீர்த்துப்போகும். நான் பயந்ததை மாசி வேறு மாதிரி சொன்னார்: "பெரிய சேவல் தெருவில் இருக்கட்டும், கிழக்குப்பாடாவுக்கு வரக்கூடாது." பாடா என்றால் குடியிருப்பு. கிழக்குப்பாடாவின் ஆறு வீடுகளில் இன்றைக்கும் நாட்டுச்சேவல் மட்டும்தான். எல்லை மீறி வரும் பெரிய சேவல் குழம்புக்குப் போகும் என்பது விதி. இதுவரை மூன்று போயிருக்கிறது. மூன்றும் தற்செயலாக வந்தவை என்று நான் நம்பவில்லை.

2024 மே 26, மறுபடியும் அதே தேதி. ரேமால் புயல் அன்று ராத்திரி சாகர் தீவுக்கும் வங்கதேசத்தின் கெபுபாராவுக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் காற்று. நான் அப்போது தீவில் இருந்தேன். 34 வீடு, சுமார் 410 கோழி. மதியமே ஒலிபெருக்கி வண்டி வந்துவிட்டது. நாலு மணிக்குக் கோழிகளைப் பெட்டிக்குள் அடைக்கச் சொன்னோம். 27 வீட்டில் பெட்டி சரியாக இருந்தது. மீதி ஏழு வீட்டில் ஒன்றில் வெங்காயம், ஒன்றில் ஆட்டுக்குட்டி, ஒன்றில் மீன் காயவைத்து அந்த வாடை. இரண்டு பெட்டி விறகாகிவிட்டது. இரண்டைக் காணவே காணோம். நல்ல பெட்டி செய்தால் ஜனங்கள் அதை நல்ல காரியங்களுக்குப் பயன்படுத்தத்தான் செய்வார்கள், குறை சொல்ல முடியாது.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் கோழியை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மனுஷருக்கே இடம் இல்லாதபோது அவர்கள் சொன்னதும் நியாயம்தான். மாடிப்படித் திருப்பத்தில் அடுக்கிக்கொள்ளலாம் என்று கடைசியில் சம்மதித்தார்கள். 27 பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, காற்று போக மூங்கில் துண்டு இடையில் கொடுத்து அடுக்கினோம். ராத்திரி முழுக்க மேலே குழந்தைகள் அழுகை, கீழே சேவல் கூவல். இரண்டு மணிக்கே விடிந்துவிட்டதென்று நினைத்து ஒன்று ஆரம்பிக்க, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. ஒரு தாத்தா, "புயலில் சாகமாட்டேன், இந்தச் சத்தத்தில்தான் சாவேன்" என்றார்.

செத்தவை மொத்தம் 38. அதில் 31 பெட்டி இல்லாத ஏழு வீட்டுக் கோழி. கிழக்குப்பாடாவின் நாட்டுக்கோழி சில பெட்டிக்குப் பிடிபடாமல் மரத்திலேயே ஏறிக்கொண்டன. ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாம் காலையில் நனைந்து இறங்கி வந்தன.

மாசியின் கோழி ஒன்று மே 14 அன்று 11 முட்டையோடு அடைக்கு உட்கார்ந்திருந்தது. அடைக்கோழியை இடம் மாற்றினால் எழுந்துவிடும் என்று எனக்குப் பயம். மாசி இருட்டும் வரை காத்திருந்து, கூடையோடு துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டே தட்டுவண்டியில் வந்தார். கட்டடத்தில் யாரோ தடுக்கி விழுந்ததில் கோழி கத்திக்கொண்டு வெளியே ஓடியது. இருபது நிமிஷம் முட்டை திறந்து கிடந்தது. மாசி முந்தானையால் மூடி, கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவாகவே வந்து, எல்லோரையும் ஒரு முறை சிலிர்த்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தது. கணக்குப்படி ஜூன் 4 பொரிக்க வேண்டும். அன்று ஒன்றும் இல்லை. ஐந்தாம் தேதி காலையில் எட்டுக் குஞ்சு. நடுவில் சூடு குறைந்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

அடுத்து செய்ய வேண்டியவை நோட்டில் இருக்கின்றன. பெட்டியின் கயிற்றுப் பிடி உப்புக்காற்றில் இற்றுவிடுகிறது, மூன்று பெட்டி அன்றைக்குப் படியிலேயே அறுந்தது. நைலான் வார் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வெங்காயத்துக்கென்று தனியாகப் பெட்டி செய்து கொடுப்பது மலிவு என்று தச்சர் சொல்கிறார், அவர் சொல்வது சரி என்றே படுகிறது. மாசிக்கு இப்போது வாத்து வேண்டுமாம். குளத்து உப்பு போன வாரம் 2,100.